ஜடேஜா போனது 'டிரான்ஸ்ஃபரா', 'ரிசைனா'? ஐபிஎல் டிரேடு விதி சொல்வது என்ன?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜிஎஸ்டி சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பும் இடத்தில், விடியற்காலையில் கம்பெனி பஸ்சுக்காக நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் பை, கையில் மொபைல். ஐபிஎல் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனாலும் பஸ் ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் சிஎஸ்கே பேச்சு ஒரு ரவுண்டு வந்துவிடும்.

"ஜடேஜாவை தொரத்திட்டாங்க" என்பார் ஒருவர். "இல்லண்ணா, அவரே கேட்டுப் போனாரு" என்பார் பக்கத்து சீட். "மேல இருக்கறவன் மாத்திவிட்டா போய்த்தானே ஆகணும், நம்மள மாதிரி" என்று மூன்றாவது குரல் முடித்து வைக்கும்.

இதில் யார் சொல்வது சரி? விதியைப் பார்த்தால், மூன்று பேர் சொல்வதிலும் பாதிதான் சரி.

ஐபிஎல் 2025 தொடங்கியது மார்ச் 22. முடிந்தது ஜூன் 3. ஆட்டம் இரண்டரை மாதம், மீதி ஒன்பது மாதத்துக்கும் மேல் வெறும் பேச்சு. அமெரிக்காவின் தொழில்முறை கால்பந்து லீக்கான என்எஃப்எல், ஆஃப் சீசன் பேச்சையே ஒரு தொழிலாக மாற்றிய லீக். அதுகூட செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை சுமார் ஐந்து மாதம் ஆடுகிறது. அந்தக் கணக்கில் நம்ம ரசிகர்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி. அல்லது வதந்தி ஜாஸ்தி.

என்ன நடந்தது?

2025 சீசனில் சென்னை 14 ஆட்டங்களில் வென்றது நான்குதான். புள்ளிப் பட்டியலில் பத்தாவது, அதாவது கடைசி இடம். அப்போதே "டீமை கலைங்க" என்ற குரல் தொடங்கிவிட்டது. ஆகஸ்டில், ராஜஸ்தான் கேப்டன் சஞ்சு சாம்சன் அணியை விட்டு விலகக் கேட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. நவம்பரில் ஜடேஜா பெயர் அடிபட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கு காணாமல் போக, அதையே ஆதாரமாக வைத்து எத்தனை ரீல்ஸ்!

நவம்பர் 15 அன்று ஐபிஎல் நிர்வாகம் அதிகாரப்பூர்வமாக அறிவித்தது. சாம்சன் அதே 18 கோடி ரூபாய்க்கு சென்னைக்கு வருகிறார். ஜடேஜாவும் இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போகிறார்கள். கரனுக்கு அதே 2.4 கோடி. ஜடேஜாவுக்கு மட்டும் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

பஸ்சில் எல்லோரும் சிக்கிக்கொண்ட இடம் இதுதான். கம்பெனி மாறும்போது சம்பளம் ஏறும் என்றுதானே மாறுகிறோம். 12 சீசன் சென்னைக்கு ஆடியவர், 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை என்றபோது சிக்ஸரும் பவுண்டரியும் அடித்து கோப்பையை வாங்கிக் கொடுத்தவர், நான்கு கோடி குறைத்துக்கொண்டு ஏன் போக வேண்டும்?

வீரர் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியுமா?

முடியாது. ஐபிஎல் டிரேடில் முதலில் இரண்டு அணிகளும் எந்த வீரர் வேண்டும் என்பதை ஐபிஎல் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு சம்பந்தப்பட்ட வீரர் எழுத்துப்பூர்வமாக சம்மதிக்க வேண்டும். அதன் பிறகே இறுதி ஒப்பந்தம், அதற்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல். இதில் ஒரு கையெழுத்து விழாவிட்டாலும் டிரேடு இல்லை.

ஆகவே "தொரத்திட்டாங்க" என்பது விதிப்படி சரியில்லை. ஜடேஜா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீரர் சம்மதிக்காவிட்டால் டிரேடுதான் நடக்காது. அவரைத் தக்கவைத்தே ஆக வேண்டும் என்று அணிக்குக் கட்டாயம் இல்லை. விடுவித்து ஏலத்துக்கு அனுப்பலாம். அங்கே 20 கோடிக்கும் போகலாம், அடிப்படை விலைக்கும் போகலாம், விலை போகாமலும் இருக்கலாம். சம்மதம் கேட்கப்படுகிறது என்பது உண்மை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏலம் நிற்கிறது என்பதும் உண்மை.

சரி, வீரரே "ரிசைன்" செய்தால்? அதுவும் முடியாது. ஒப்பந்தக் காலத்தில் 'ரிலீவிங் ஆர்டர்' அணியின் கையில். சாம்சன் பேச்சு ஆகஸ்டில் கிளம்பியும், நவம்பர் பாதி வரை அவர் ராஜஸ்தான் வீரராகவே இருந்தது இதனால்தான்.

இதன் விலை என்னவென்று ஜடேஜாவை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. 2008-ல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் அவரும் ஒருவர். 2010 சீசனுக்கு முன் ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வேறு ஓர் அணியுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்று சொல்லி ஐபிஎல் நிர்வாகம் அவருக்கு அந்த ஆண்டு முழுக்கத் தடை போட்டது. ஒரு சீசன் ஆட முடியவில்லை. வேலையில் இருந்துகொண்டே இன்னொரு கம்பெனி இன்டர்வியூவுக்கு லீவு போட்டுப் போய் வருவது ஒரகடம் ஏரியாவில் சாதாரண விஷயம். ஐபிஎல்லில் அதுக்கு ஒரு வருஷ சம்பளமே போனது. இரண்டு ஆண்டு கழித்து, 2012 ஏலத்தில் சென்னை அவரை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. இப்போது எந்த அணியில் சிக்கல் வந்ததோ அதே ராஜஸ்தானுக்கு, முறைப்படி கையெழுத்திட்டுத் திரும்பியிருக்கிறார்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே இன்னும் கறார். என்எஃப்எல்லில் 'என்னைக் கேட்காமல் டிரேடு செய்யக் கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தால் தவிர, வீரரின் சம்மதம் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 28, சீசன் தொடங்க ஒரு வாரம்தான் பாக்கி. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி தன் நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஒரு வீரரும், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்றில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும். ஜடேஜாவுக்கு இங்கே என்ன புலம்பலோ அதே புலம்பல் டல்லாஸ் ரசிகர்களிடம். புதிய அணியில் பார்சன்ஸுக்குப் பெரிய தொகையில் புது ஒப்பந்தம் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இன்னொரு வித்தியாசம் சென்னை ரசிகர்களுக்குப் பொறாமையே வரவைக்கும். என்எஃப்எல்லில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு அடுத்த ஆண்டின் புதுமுகங்களில் முதல் தேர்வு. 17 ஆட்டங்களில் மூன்றை மட்டும் வென்ற டென்னசி டைட்டன்ஸ், 2025 ஏப்ரலில் கேம் வார்டை முதல் ஆளாக எடுத்தது அப்படித்தான். ஐபிஎல்லில் பத்தாவது இடத்துக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. பர்ஸில் காசு இருந்தால் ஏலத்தில் கையைத் தூக்கலாம், அவ்வளவுதான்.

அந்த 4 கோடி எங்கே போனது?

யார் பாக்கெட்டுக்கும் போகவில்லை, ராஜஸ்தானின் பர்ஸ் கணக்கில் நின்றது. 2026 சீசனுக்கு ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 125 கோடி. டிரேடில் வரும் வீரரின் தொகை இதற்குள் அடங்க வேண்டும்.

சென்னை விட்டது 18-ம் 2.4-ம் சேர்த்து 20.4 கோடி. எடுத்தது 18 கோடி. மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் விட்டது 18 கோடி. ஜடேஜா பழைய தொகையிலேயே போயிருந்தால் அவர்களுக்கு 2.4 கோடி கூடுதல் செலவு. 14 கோடி ஆனதால் மொத்தம் 16.4 கோடி, உல்டாவாக 1.6 கோடி லாபம். கரனுக்கு வெளிநாட்டு வீரர் இடமும் வேண்டும். ஓர் அணியில் எட்டு வெளிநாட்டு வீரர்களுக்குத்தான் அனுமதி. இலங்கையின் ஹசரங்காவையும் தீக்‌ஷனாவையும் ராஜஸ்தான் விடுவித்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது போக, அணிகளுக்குள் தனியாகக் கைமாறும் டிரான்ஸ்ஃபர் தொகை என்று ஒன்று உண்டு. அது பர்ஸ் கணக்கில் வராது, வெளியே சொல்லவும் மாட்டார்கள். 2023-ல் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனபோது 15 கோடி என்று சொல்லப்பட்டது அவருடைய சம்பளம். மும்பை குஜராத்துக்குக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகை எவ்வளவு என்பது இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. ஆகவே "டிரான்ஸ்ஃபர் ஃபீ இத்தனை கோடி" என்று துல்லியமாக ஒரு ஃபார்வர்டு வந்தால், அனுப்பியவரிடம் திருப்பிக் கேளுங்கள். படலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு என்பது ஊரறிந்தது. வாட்ஸ்அப் செய்திக்கும் அப்படி ஒன்று தேவைப்படுகிறது.

பிரெவிஸ் விவகாரம்: ஒரு வீடியோவும் ஒரு விளக்கமும்

ஆஃப் சீசனில் ஒரு வாக்கியம் எப்படித் தீப்பிடிக்கும் என்பதற்கு 2025 ஆகஸ்டே சாட்சி. தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ், 75 லட்சம் அடிப்படை விலையில் மெகா ஏலத்தில் விலை போகாதவர். சீசன் நடுவே, காயமடைந்த தமிழக வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாகச் சென்னை அவரை எடுத்தது. அஸ்வின் தன் யூடியூப் சேனலில் இதைப் பற்றிப் பேசும்போது, பிரெவிஸ் கூடுதல் தொகை கேட்டதாகவும் சென்னை தரத் தயாரானதாகவும் சொன்னார். அவ்வளவுதான், "சிஎஸ்கே விதியை மீறிடுச்சு" என்று கிளம்பிவிட்டார்கள்.

விதி என்ன? மாற்று வீரருக்குத் தரும் தொகை, யாருக்குப் பதிலாக வருகிறாரோ அவருடைய தொகையைத் தாண்டக் கூடாது. அடிப்படை விலைக்குள் நிற்க வேண்டும் என்று இல்லை. குர்ஜப்னீத்தின் தொகை 2.2 கோடி. பிரெவிஸுக்குக் கொடுத்ததும் 2.2 கோடி. ஆகஸ்ட் 16 அன்று சென்னை அணி இதையே அறிக்கையாக வெளியிட்டது. அதே மாதம் 27-ம் தேதி அஸ்வின் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வை அறிவித்தார். அவருடைய 9.75 கோடியும் சென்னையின் பர்ஸுக்குத் திரும்பியது.

ஜூனியருக்கு சீனியரை விட அதிகம்

டிசம்பர் 16, அபுதாபி மினி ஏலம். 43.4 கோடியோடு போனது சென்னை. அதில் 28.4 கோடியை இரண்டே பேர் மீது போட்டது. உத்தரப் பிரதேசத்தின் 20 வயது பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் 19 வயது விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். போனது தலா 14.2 கோடி. இந்தியாவுக்கு ஆடாத வீரருக்கு அதுவரை இருந்த உச்சம், 2022-ல் ஆவேஷ் கான் பெற்ற 10 கோடி.

பிரசாந்த் வீர் இடது கைச் சுழற்பந்து வீசுவார், பேட்டிங்கும் ஆடுவார். யாருடைய இடத்துக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஜடேஜாவின் புதிய தொகை 14 கோடி. அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்த பையனின் தொகை 14.2 கோடி. பதினைந்து வருஷ ஆபரேட்டர் பக்கத்தில் புதுசா சேர்ந்தவரின் பே ஸ்லிப் அதிகமாக இருந்தால் ஷாப் ஃப்ளோரில் எப்படி இருக்கும் என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

இதே ஏலத்தில் ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீன் 25.2 கோடிக்கு கொல்கத்தாவுக்குப் போனார். ஆனால் அவர் கைக்கு வருவது 18 கோடிதான். மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு அதற்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு. மீதி பிசிசிஐ-யின் வீரர் நல நிதிக்கு. சிடிசி வேற, டேக் ஹோம் வேற. சென்னை விடுவித்த பதிரனா, 13 கோடியிலிருந்து 18 கோடிக்கு ஏறி அதே கொல்கத்தாவுக்குப் போயிருக்கிறார். ஏலத்தை நம்பிப் போனவர்களில் அதிர்ஷ்டம் அடித்தவர் அவர்.

இனி டிரேடு நடக்குமா?

நடக்கலாம். சீசன் முடிந்த ஏழு நாளில் திறக்கும் டிரேடு காலம், ஏலத்துக்கு ஏழு நாள் முன்பு மூடும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, அடுத்த சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும் வரை நீடிக்கும். ஆனால் டிசம்பர் 16 ஏலத்தில் எடுத்த வீரர்களை 2026 சீசனுக்கு டிரேடு செய்ய முடியாது. பிரசாந்த் வீரையோ கார்த்திக் சர்மாவையோ வேறு அணிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று இப்போது வரும் எந்தச் செய்தியும் பொய்.

சாம்சன் வந்ததும் கிளம்பிய கேப்டன்சி பேச்சுக்கும் பதில் அன்றைக்கே வந்துவிட்டது. டிரேடு அறிவிப்பு வந்த அதே நவம்பர் 15 அன்று, கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட்தான் என்று சென்னை அணி பதிவிட்டது. ஆனாலும் பஸ்சில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.