சமூக சுகாதார ஊழியர்: பயிற்சியும் மேற்கல்வியும்

நோயுற்றவர் மருத்துவமனையை நாடிச் செல்லுமுன்னரே அவருடைய வீட்டு வாயிலை அடையக்கூடியவர் சமூக சுகாதார ஊழியர். அவர் மருத்துவரல்லர், முறையாகப் பயின்ற செவிலியருமல்லர். எனினும், தாம் வாழும் ஊரிலேயே தம் அயலாருக்குப் பணிபுரிவதால், பிறர் காணாத நோய்க்குறியை அவர் முதலிற் காண இயலும். அங்ஙனம் கண்டதை அறிந்துகொள்ளும் ஆற்றலோ பயிற்சியினால் வருவது. இத்தகைய ஊழியர்களுக்கு நம் நாட்டில் உள்ள பயிற்சி வசதிகள் யாவை, அவை பயன் தருவது எவ்வாறு, அவற்றைக் கடந்து மேலே கற்பதற்கு வழி உண்டா என்பவற்றைக் கீழே காண்போம்.

முந்திய முயற்சிகள்

1970-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்தில் வறட்சி மிக்க ஜாம்கேட் வட்டாரத்தில் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலே, டாக்டர் மேபெல் ஆரோலே தம்பதியர் கிராம சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். எழுத்தறிவில்லாத பெண்களையும் அவர்கள் தேர்ந்து பயிற்றினர். ஒரு முறை கற்பித்து அனுப்பிவிடாமல், அப்பெண்கள் அடிக்கடி மையத்தில் கூடித் தாம் கண்டவற்றைக் கூறவும், ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தனர்.

1977 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசாங்கம் நாடு தழுவிய திட்டம் ஒன்றை மேற்கொண்டது. ஆயிரம் மக்களுக்கு ஓர் ஊழியர் வீதம் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றனர். நோக்கம் சிறந்ததே. ஆனால் தேர்வு பெற்றோரிற் பெரும்பாலோர் ஆண்களாயிருந்தமையால், தாய் சேய் நலப் பணி அவர்களுக்கு எளிதாயில்லை. பயிற்சிக்குப் பின் வேண்டிய மறுபயிற்சியும் மேற்பார்வையும் போதிய அளவில் அமையவில்லை. திட்டம் நாளடைவில் தளர்ந்தது.

ஆஷா பயிற்சியின் அமைப்பு

2002-இல் சத்தீஸ்கர் மாநிலம் ‘மிதானின்’ என்னும் பெண் ஊழியர் திட்டத்தைத் தொடங்கியது. 2005-இல் ஏற்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கம், ‘ஆஷா’ எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட சமூக சுகாதாரச் செயற்பாட்டாளர்களை நியமிக்க வகை செய்தது. இன்று இவர்கள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பொதுவாக 25 முதல் 45 வயதுக்குட்பட்ட, அவ்வூரில் வாழும் பெண்களே இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

இவர்களுக்கு வகுக்கப்பட்ட தொடக்கப் பயிற்சி 23 நாட்கள். அது ஒரே தொடர்ச்சியாக நடத்தப்படாமல், பல தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர், தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் உரிய செய்முறைத் திறன்களைக் கற்பிக்க, நான்கு தவணைகளில் மேலும் 20 நாட்கள் சேர்க்கப்பட்டன. முப்பது வயது கடந்தோரிடையே நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பணிக்காக ஐந்து நாட் பயிற்சியும் பிற்காலத்தில் வகுக்கப்பட்டது.

தவணை முறைக்குத் தக்க காரணம் உண்டு. வகுப்பிற் கற்றதை ஊரிற் செய்து பார்க்கும்போதுதான் ஐயம் பிறக்கும். அந்த ஐயத்தோடு அடுத்த தவணைக்கு வருபவரே நன்கு கற்பவர்.

மூச்சை எண்ணுதல்: ஓர் எடுத்துக்காட்டு

குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் நிமோனியா முக்கியமானது. இருமலோடு கூடிய குழந்தையின் மூச்சு வேகத்தை எண்ணி அதனை ஐயுறலாம். ஒரு நிமிடத்தில், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு எண்ணிக்கை இருப்பின் அது விரைவு மூச்சு எனப்படும்.

இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விக்க அரை மணி நேரம் போதும். ஆனால் அழும் குழந்தையின் மூச்சை எண்ணலாகாது. அது அமைதியுற்றபின் ஆடையை விலக்கி, வயிறு அல்லது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் கடிகாரத்தைக் கொண்டு எண்ண வேண்டும். இதனைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்து, பயிற்றுநரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டாலன்றிக் கைவராது.

இத்தகைய பயிற்சியின் பயன் ஆய்வினால் நிறுவப்பட்டுள்ளது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்பித்தனர். ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததென அவர்களுடைய 1999-ஆம் ஆண்டு ஆய்வுரை கூறுகிறது. 2011-இல் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்திற்கு இம்முயற்சி வழிகாட்டியாயிற்று. அத்திட்டப்படி, மருத்துவமனையிற் பிறந்த குழந்தையை ஆஷா 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களிற் சென்று காண்கிறார். வீட்டிற் பிறந்ததாயின் முதல் நாளிலும் காண்கிறார்.

மேலே செல்லும் படிகள்

நன்கு பணியாற்றும் ஊழியர் ஒருவர் என்றும் அதே நிலையில் நின்றுவிட வேண்டுவதில்லை. முதற்படி சான்றிதழ்: தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வாயிலாக ஆஷாக்களின் அறிவும் செய்முறைத் திறனும் சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அடுத்தது, ஏறத்தாழ இருபது ஆஷாக்களுக்கு ஒருவர் வீதம் துணைநிற்கும் வழிகாட்டியாதல்.

மூன்றாவது படியே தொழிற்கல்வி. துணைச் செவிலியர் மருத்துவச்சிப் பயிற்சி இரண்டாண்டு; பொதுச் செவிலியர் பட்டயப் பயிற்சி மூன்றாண்டு. பட்டயம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர், சமூக சுகாதாரத்தில் ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி முடித்து, 2018-இல் தொடங்கிய சுகாதார நல மையங்களில் சமூக சுகாதார அலுவலராகும் தகுதி பெறலாம். செவிலியர் பயிற்சியில் ஆஷாக்களுக்கு முன்னுரிமை வழங்கும் மாநிலங்களும் உள்ளன.

ஆனால் இப்படியில் ஓர் இடைவெளி உண்டு. ஆஷா பணிக்கு எட்டாம் வகுப்பு அல்லது பத்தாம் வகுப்புப் போதுமாயிருக்க, செவிலியர் பயிற்சிக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இந்திய செவிலியர் குழுமத்தின் விதிப்படி இப்பயிற்சிகளிற் சேர வயது 17-க்குக் குறையாமலும் 35-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்போடு முப்பதாம் வயதிற் பணியேற்ற ஒரு பெண், உடனே படிக்கத் தொடங்கினால் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்து உரிய காலத்தில் விண்ணப்பிக்கலாம். ஐந்தாறு ஆண்டு தாமதித்தாற் கதவு அடைபட்டுவிடும். அவருடைய திறமை குறைந்ததன்று. அவரிடம் அதனை எவரும் காலத்திற் கூறாததே காரணமாகிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

களப்பணி மேற்பார்வையாளர், ஒவ்வோர் ஊழியரின் கல்வித் தகுதியையும் வயதையும் குறித்து வைத்துக்கொண்டு, மேலே படிக்க விரும்புவோரை முதலாண்டிலேயே கண்டறிதல் நலம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் முன்னுரிமை விதிகளையும் கேட்டறிந்து கூற வேண்டும். பயிற்சித் தவணைகளை அறுவடைக் காலத்தில் வையாமலும், கைக்குழந்தையோடு வருவோருக்கு இடவசதி செய்தும் உதவலாம்.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. திறந்தநிலைப் பள்ளியில் உயர்வயது வரம்பு இல்லை. ஒருமுறை பதிவு செய்துகொண்டவர் ஐந்தாண்டுக்குள் பாடங்களைச் சிறிது சிறிதாகத் தேறலாம். பள்ளியை விட்டுப் பல்லாண்டு ஆன பெண்ணுக்குப் பெரும்பாலும் தடையாவன கணிதமும் ஆங்கிலமும். வாரத்தில் இரண்டு மாலைகளில் ஓர் ஆசிரியர் அவற்றைக் கற்பிக்க முன்வந்தால், அவ்வட்டாரத்திற்கு நாளை ஒரு செவிலியர் கிடைக்கக்கூடும். ஊரை அறிந்து, ஊராரின் நம்பிக்கையைப் பெற்று, அதன் பின்னர் தொழிற்கல்வியும் பெற்ற செவிலியராக அவர் இருப்பார்.