1685ஆம் ஆண்டில் ஓர் அரண்மனை

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள வெர்சாய் அரண்மனை, பிரெஞ்சு மன்னர்களின் இருப்பிடமாகவும் ஆட்சிப் பீடமாகவும் விளங்கி, 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அரச குடும்பத்தை இழந்து, 1837இல் லூயி பிலிப் மன்னரால் பிரான்சின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. இவ்வரண்மனையையே களமாகக் கொண்டு, க்ரையோ என்னும் நிறுவனம், பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களின் ஒன்றியத்தோடு இணைந்து 1996இல் 'வெர்சாய் 1685' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது.

விளையாடுபவர் இதில் பதினான்காம் லூயியின் பணியாளருள் ஒருவராகிய லலாந்து என்னும் இளைஞராக மாறி, அரண்மனையை அழிக்கத் தீட்டப்பட்ட சதியைக் கண்டுபிடிக்க வேண்டும். சதி கற்பனையே; ஆயினும் அவருக்குப் பணியிடும் போன்தாம், மன்னரின் முதன்மைப் பணியாளராக உண்மையில் வாழ்ந்தவர். மன்னர் துயிலெழுவதும் உறங்கச் செல்வதும்கூட அவையோர் தத்தம் தகுதிக்கேற்ப முறைவைத்துப் பங்கேற்ற சடங்குகளாக இருந்தமையால், அந்த அன்றாட ஒழுங்கின் வழியே கதை நகர்கிறது.

இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு அது தேர்ந்துகொண்ட ஆண்டில் இருக்கிறது. இன்று வெர்சாய்க்குச் செல்பவர் பல நூற்றாண்டுகளை ஒருங்கே காண்கிறார். அரண்மனையின் நடுவில் அவர் காணும் மன்னரின் படுக்கையறை 1701இல்தான் அவ்விடத்தில் அமைந்தது, வழிபாட்டுக்கூடம் 1710இல்தான் நிறைவுற்றது. மாறாக, அயல்நாட்டுத் தூதர்கள் ஏறிவந்த பளிங்குப் படிக்கட்டு 1685இல் நிலைத்து நின்றது. பதினைந்தாம் லூயியின் காலத்தில், 1752இல், அது இடிக்கப்பட்டது. 73 மீட்டர் நீளமும் 357 கண்ணாடிகளும் கொண்ட கண்ணாடி மண்டபம் 1685க்குச் சற்று முன்னர்தான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஜெனோவாக் குடியரசின் தலைவர் பதினான்காம் லூயியிடம் மன்னிப்புக் கோர வந்தபோது, வெள்ளியால் செய்யப்பட்ட இருக்கைகளும் மேசைகளும் அணிசெய்த அம்மண்டபத்திலேயே அவர் வரவேற்கப்பட்டார். நான்கே ஆண்டுகளில், போர்ச் செலவுக்காக அந்த வெள்ளிப் பொருள்கள் உருக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பதே ஓர் அருங்காட்சியகத்தால் இயல்வது. மறைந்தவற்றையும் அவற்றின் காலத்துச் சூழலோடு சேர்த்து மீட்டமைக்கும் வாய்ப்பு இத்தகைய விளையாட்டுக்கே உண்டு என்பதால், இதனை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்குவது பொருந்தாது.

ஒரு வரலாற்று நூலின் பொறுப்பையும் இப்படைப்பு ஏற்றிருக்கிறது. கதையோடு ஒரு கலைக்களஞ்சியமும் இணைக்கப்பட்டிருப்பதால், கட்டடம், கலை, அரசவை வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றிய செய்திகளைக் கதையிலிருந்து பிரித்தறிந்து படிக்க இயலும். கண்ணாடி மண்டபத்தின் விதானத்தில் ஓவியர் லெ ப்ருன் தீட்டிய ஓவியங்கள் மன்னரின் போர் வெற்றிகளையும் ஆட்சிச் செயல்களையும் புகழ்ந்து காட்டுபவை. அவற்றின் கீழ் நடந்த தூதர்கள் எத்தகைய அரசியல் செய்தியைப் பெற்றிருப்பார்கள் என்பதை, மண்டபத்தின் வரலாற்றை அறிந்தபின் விளையாடுபவர் தாமே உணர்ந்துகொள்ளலாம்.