பங்குச் சந்தையில் ஜீவனம்

உத்தியோகத்தைத் துறந்து, காலை 9.15 முதல் மாலை 3.30 வரை கணினித் திரையின் முன் அமர்ந்து, அன்றாடம் வாங்கி விற்கும் பங்கு வியாபாரத்தையே முழுநேர ஜீவனோபாயமாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் நம் இளைஞர் பலரிடையே வேரூன்றி வருகிறது. மேலதிகாரி இல்லை, கடை வாடகை இல்லை, சரக்குத் தேக்கம் இல்லை, கடன் சொல்லிப் போகும் வாடிக்கைக்காரர் இல்லை. ஒரு டீமாட் கணக்கும் கைப்பேசியும் கொஞ்சம் துணிச்சலும் போதும் என்று தோன்றுகிற இத்தொழிலின் கவர்ச்சியை நான் இகழமாட்டேன். சொந்த புத்தியால் சம்பாதித்து, எவருக்கும் கைகட்டி நில்லாமல் வாழவேண்டும் என்ற ஆசை உயர்ந்த ஆசையே. ஆனால் அந்த ஆசையை நம்பி ஒரு குடும்பம் அடுப்பு மூட்டலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை உற்சாகத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

முற்காலத்தில் இத்தொழிலால் ஜீவித்தவர்கள் உண்டு. 1875-இல் தோன்றிய பம்பாய்ப் பங்குச் சந்தையின் கூடத்தில் ‘ஜாபர்’ என்று அழைக்கப்பட்டவர்கள், வாங்க வருபவனுக்கு ஒரு விலையும் விற்க வருபவனுக்கு அதனினும் சற்றுக் குறைந்த விலையும் கூறி, இரண்டுக்கும் நடுவே நின்ற சிறு வித்தியாசத்தையே தங்கள் கூலியாகப் பெற்றார்கள். விற்க வந்தவன் வாங்குபவனைத் தேடி அலையாதபடி தாங்களே முன்வந்து சரக்கை ஏற்றுக்கொண்டது அவர்கள் சந்தைக்குச் செய்த ஊழியம். கூலி அந்த ஊழியத்துக்கு உரியது. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரை வழியான வியாபாரத்தைத் தொடங்கி, மறு ஆண்டே பம்பாய்ச் சந்தையும் அவ்வழியில் சென்ற பிறகு, கூவி விலை சொல்லும் அந்தக் கூடம் ஓய்ந்தது. ஜாபர் செய்த ஊழியத்தை இன்று பெரும்பாலும் பெருநிறுவனங்களின் இயந்திரங்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் செய்து முடிக்கின்றன. வீட்டு அறையில் தனியாக அமர்ந்து வியாபாரம் செய்பவர் எதிர்கொள்வது அந்த இயந்திரங்களையே.

நல்ல கம்பெனியின் பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு, அக்கம்பெனியின் லாபம் வளர வளரத் தாமும் வளர வழியுண்டு; அங்கே ஒருவர் பெறுவதற்காக மற்றொருவர் இழக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. முழுநேர வியாபாரிகள் பெரும்பாலும் நாடுகிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் என்னும், வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களின் இயல்பு வேறு. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுச் சந்தைகளுக்கு வந்த இவ்வொப்பந்தங்களுக்குக் காலக்கெடு உண்டு. எக்ஸ்பைரி நாள் வந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். அதற்குள் ஒருவர் பெறும் ஒவ்வொரு ரூபாயும் எதிர்த் தரப்பில் ஒருவர் இழந்த ரூபாயே. போதாக்குறைக்கு, வென்றவரும் தோற்றவரும் புரோக்கருக்கும் சந்தைக்கும் சர்க்காருக்கும் தத்தம் பங்கைக் கட்டியாக வேண்டும்.

இதன் பலனைச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியே ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில் இத்துறையில் இறங்கிய 1 கோடிக்கு மேற்பட்ட தனிமனிதர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர். ஒருவருக்குச் சராசரி நஷ்டம் செலவுகள் உட்பட ஏறத்தாழ 2 லட்ச ரூபாய். எல்லோர் நஷ்டமும் சேர்ந்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக 1 லட்ச ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர் நூற்றுக்கு ஒருவர். அப்பணம் சென்ற இடமும் அதே ஆய்வில் தெரிகிறது: 2023-24-இல் மட்டும், செலவுகளைக் கழிக்குமுன், சொந்த முதலில் வியாபாரம் செய்யும் புரோக்கர் நிறுவனங்கள் 33,000 கோடியும் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடியும் லாபம் ஈட்டின, அதில் மிகப் பெரும்பகுதி கணினி நிரல்களே நடத்திய வியாபாரத்தால் வந்தது. இத்துறையில் 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு முந்திய ஆண்டு 31 விழுக்காடாக இருந்து அவ்வாண்டில் 43 ஆக உயர்ந்தது என்ற செய்தியே எனக்கு எல்லாவற்றினும் வருத்தம் தருகிறது.

பழகப் பழகக் கைவரும் என்று சிலர் சொல்லக்கூடும். பிரேசில் நாட்டில் 2013-க்கும் 2015-க்கும் இடையில் இவ்வித அன்றாட வியாபாரத்தைத் தொடங்கியவர்களை அந்நாட்டுப் பொருளாதார ஆய்வாளர் மூவர் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 300 நாட்களுக்கு மேல் விடாப்பிடியாக நின்றவர்களிலும் 97 விழுக்காட்டினர் நஷ்டமே கண்டனர். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 விழுக்காடு. விடாமுயற்சி பெரும்பாலான தொழில்களில் மனிதனைத் தேர்ந்தவனாக்குகிறது. இங்கே அது பெரும்பாலும் நஷ்டத்தையே நீட்டிக்கிறது.

சரி, அந்தச் சிலரில் தாமும் ஒருவர் என்றே ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் 5 லட்ச ரூபாய் முதல் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய், அதாவது முதலின்மேல் 72 விழுக்காடு. இவ்வளவு பெரிய வருவாயை ஆண்டுதோறும் தவறாமல் தரும் முறை எதுவும் பாமரர் கைக்கு எட்டியதில்லை. அதிலும் சந்தைக்கு மாதக் கணக்கு தெரியாது. பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் மளிகைக்கும் அது தவிர வேறு கணக்கு தெரியாது. ஒரு மாதம் 10 விழுக்காடு நஷ்டம் வந்து முதல் 4,50,000 ஆகிவிட்டதென்றால், அம்மாதச் செலவுக்கு எடுத்தபின் நிற்பது 4,20,000. மறுமாதம் பழைய நிலைக்கு மீண்டு வீட்டுக்கும் கொடுக்கவேண்டுமானால் ஒரே மாதத்தில் 26 விழுக்காடு லாபம் வரவேண்டும். விதைநெல்லை எடுத்துச் சமைத்த குடியானவன் அடுத்த பருவத்தில் அகல விதைக்க முடியாது. இவரோ அகல விதைக்கவே துணிகிறார்: லாட்டை, அதாவது ஒப்பந்த அளவை, கூட்டுகிறார், நஷ்டத்துக்கு வைத்த எல்லையான ஸ்டாப் லாஸை நகர்த்துகிறார், இறுதியில் கடன் வாங்குகிறார். பேராசையைவிட மாதக் கடைசியின் நெருக்கடியே திறமைசாலிகளையும் கவிழ்க்கிறது என்பது என் கருத்து.

செலவுகளும் சிறியவையல்ல. பல புரோக்கர்கள் ஆர்டர் ஒன்றுக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். நாளொன்றுக்கு 10 முறை வாங்கி 10 முறை விற்றால் 400 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 472 ரூபாய். 20 நாள் வியாபாரத்தில் 9,440 ரூபாய், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் போய்விடும். பங்குப் பரிவர்த்தனை வரி இதற்குப் புறம்பு. ஆப்ஷன் விற்பனையில் அவ்வரி 2024 அக்டோபர் முதல் 0.1 விழுக்காடாக உயர்ந்தது. பங்குகளை அன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடே வியாபார நஷ்டத்தை, வருமான வரிக் கணக்கில், அதே வகை லாபத்தில் மட்டுமே, அதுவும் 4 ஆண்டுகளுக்குள், கழித்துக்கொள்ளலாம். உத்தியோகம் தந்த சேமநல நிதியும் கிராஜுவிட்டியும் நின்றுபோவதையும் நஷ்டக் கணக்கில்தான் எழுதவேண்டும்.

ஆகவே, வேலையை விட எண்ணியிருப்பவரே, ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் குறைந்தது 2 ஆண்டு வீட்டுச் செலவுக்கான பணத்தை வியாபார முதலில் சேராமல் வங்கியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் பணத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு யோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை அதன் இணையதளத்திலேயே பாருங்கள். உங்கள் புரோக்கரின் செயலியில், எல்லாச் செலவுகளும் கழிக்கப்பட்ட ஆண்டு லாப நஷ்ட அறிக்கை கிடைக்கும். கடந்த 3 ஆண்டுகளின் அறிக்கைகளை எடுத்து, உங்கள் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் மனைவியிடமோ கணவரிடமோ பெற்றோரிடமோ கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.