செய்தியறைக்கு ஒரு வழி - 6: வாசகர் இல்லாத வகுப்பறை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், 'ஜர்னலிசம்தான் படிப்பேன்னு பையன் ஒத்தைக்கால்ல நிக்கிறான், எங்க சேர்க்கலாம்?' என்று பெற்றோர் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விஸ்காமா, இதழியலா, ஏதாவது ஒரு டிகிரியை முடித்துவிட்டு டிப்ளமாவா என்று துணைக் கேள்விகள் வேறு. கட்டணம், ஹாஸ்டல், ஸ்டுடியோ, கேம்பஸ் இன்டர்வியூ என ஒன்று விடாமல் கேட்கிறார்கள். 'உங்கள் மாணவர்கள் எழுதுவதை யார் படிக்கிறார்கள்?' என்பதை மட்டும் கேட்பதில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே பதில் வைத்திருந்தது அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம். அங்கே 1908-ல் இதழியல் பள்ளியைத் தொடங்கியவர் வால்டர் வில்லியம்ஸ். அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாக ஆசிரியரானவர். கல்லூரியில் படித்தவர் அல்ல. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். 1908 செப்டம்பர் 14-ம் தேதி பள்ளியின் முதல் வகுப்பு நடந்தது. அன்றைக்கே மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. வளாகத்துக்குள் சுற்றுக்கு விடும் கையெழுத்துப் பிரதி என்று நினைத்துவிட வேண்டாம். கொலம்பியா என்ற அந்த ஊர் மக்களுக்கான பத்திரிகை அது. 'கொலம்பியா மிசூரியன்' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. 1953 முதல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையமும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, அப்படித்தான் இந்தப் பள்ளிக்கு அவை இரண்டும்.

இதில் என்ன லாபம்? வகுப்பில் ஒருவர் பெயரைத் தப்பாக எழுதினால் இரண்டு மார்க் போகும், அதோடு முடிந்தது. அச்சில் தப்பாக வந்தால் அந்த ஆளே போன் செய்வார். அவருக்குப் பதில் சொல்லி, மறுநாள் திருத்தம் போட்ட மாணவர், அடுத்த செய்தியில் இனிஷியலைக்கூட இரண்டு முறை கேட்டுத்தான் எழுதுவார். இந்தப் பயத்தைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது.

நம் பக்கம் வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கல்வி 1947-லேயே தொடங்கிவிட்டது. 1994-ல் பெங்களூரில் ஆரம்பிக்கப்பட்ட ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், 2000-ல் சென்னைக்கு வந்தது. தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு வேறொரு கதவும் திறந்தது. அதைத் திறந்தது கல்லூரி அல்ல, ஒரு பத்திரிகை. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் 1980-களில் வந்தபோது, எந்தப் பாடம் படிக்கிறவரும் அதில் விண்ணப்பிக்க முடிந்தது. விவசாயம் படித்தவர், இன்ஜினீயரிங் படித்தவர் எல்லாம் சொந்த ஊரிலிருந்து செய்தி அனுப்பினார்கள். அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்கள் இன்று பல செய்தியறைகளில் இருக்கிறார்கள். மிசூரியில் பல்கலைக்கழகம் பத்திரிகை நடத்தியது. இங்கே பத்திரிகை வகுப்பு நடத்தியது. வாசகர் இருந்தார் என்பதுதான் இரண்டுக்கும் பொது.

சரி, சேர்ந்த கல்லூரியில் பத்திரிகையும் இல்லை, வாசகரும் இல்லை. கேமரா பிடிக்கவும், 'கம்யூனிகேஷன் தியரி' எழுதவும் மட்டும் கற்றுத் தருகிறார்கள். என்ன செய்வது?

முதல் தகவல் அறிக்கை ஒன்றை எடுத்துப் படியுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை மட்டும் விதிவிலக்கு. புதிதாக வருகிறவர்கள் நேராகப் புகார் வாசகத்துக்குத் தாவுவார்கள், கதை அங்கேதான் இருக்கிறது என்று. அனுபவப்பட்ட கிரைம் நிருபர் மேலே இருக்கும் கட்டங்களைப் பார்ப்பார். சம்பவம் நடந்தது எப்போது, ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது எப்போது? சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்? தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டே, அதில் என்ன எழுதியிருக்கிறார்கள்? ஒரு கிலோமீட்டர் தள்ளி நடந்த சம்பவத்துக்கு நான்கு நாள் கழித்து வழக்குப் பதிவாகியிருக்கிறது, தாமதக் கட்டமோ காலியாகக் கிடக்கிறது என்றால், விசாரிக்க வேண்டிய செய்தி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்து, சட்டப் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த சீனியர்களே இப்போது புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். மாணவர்கள் அவர்களோடு ஒரே கோட்டில் நின்று ஓட இதைவிட நல்ல நேரம் வராது.

கடைசியாக, வினைச்சொல். எஃப்.ஐ.ஆர். என்பது புகார்தான்; தீர்ப்பு அல்ல. 'திருடினார்' என்று எழுதினால் நீங்களே நீதிபதி ஆகிவிடுகிறீர்கள். 'திருடியதாகப் புகார்' என்று எழுதினால் நிருபர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை மட்டுமல்ல, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது குற்றம். பெயரை மாற்றிவிட்டுப் பள்ளியையும் தெருவையும் எழுதுவது, பெயரையே எழுதியதற்குச் சமம்.

இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். 'எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?' என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். 'இந்தத் தெருக் குழாய்ப் பணிக்கான வேலை உத்தரவின் நகலும், இதுவரை வழங்கிய தொகையின் விவரமும் தேவை' என்று கேளுங்கள். அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தைக் கேட்பதுதான் சூட்சுமம். கருத்துக் கேட்டால் ஒன்றும் வராது.

வந்த பதிலை வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். சம்பந்தப்பட்ட அதிகாரியிடமும் விளக்கம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மாலைப் பத்திரிகையோ, வட்டார இதழோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கொடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அச்செடுத்து அந்தத் தெருக்காரர்களிடமே கொடுங்கள். அவர்கள் சொல்லும் பிழைதான் உங்கள் முதல் மதிப்பீடு.

படிப்பு முடியும்போது மார்க் ஷீட்டோடு இப்படி ஐந்து செய்திகள் கையில் இருக்கட்டும். இன்டர்வியூவில், 'இந்தத் தகவலை யாரிடம் உறுதி செய்தீர்கள்?' என்ற கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவருக்கு, எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது இரண்டாம்பட்சம்.

அடுத்த வாரம்: முதல் சம்பளம் எவ்வளவு, கேட்பது எப்படி?

(தொடரும்)