திருநங்கையர் சிகிச்சை: தேர்வும் தேறுதலும்



சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் பேசி முடித்தபோது, மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகுதானே ஒருவர் திருநங்கை ஆகிறார்?" என்று வினவினார். அவையில் சிலர் நகைத்தனர். வினா நகைப்பிற்குரியதன்று. படித்த பெரியவர் பலரும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சு.

ஆணாகப் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்ட ஒருவர், தாம் பெண் என்பதைத் தம் உள்ளத்தில் உறுதியாக உணர்கிறார். அவ்வுணர்வு முதலில் வருவது. சிகிச்சை பின்னர் வருவது. சிகிச்சையே வேண்டாமென்று வாழ்நாள் முழுதும் இருப்போரும் உளர். அவர்களும் திருநங்கையரே. 2014 ஏப்ரல் 15 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், ஒருவருடைய பாலினத்தை ஏற்பதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக வைத்தல் கூடாது என்று தெளிவாகக் கூறிற்று. நம் தமிழ் இலக்கணத்தில் இவ்வுண்மைக்கு ஓர் அடிப்படை உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே பேடியைக் குறிக்கும் சொல்லை உயர்திணையில் வைத்துப் பேசுகிறார். தமிழாசிரியர் பலர் அந்த நூற்பாவை வேகமாகத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். வகுப்பில் சிரிப்பு எழுமே என்ற அச்சம்தான்!

இனி, சிகிச்சையை விரும்புவோரின் நிலையைப் பார்ப்போம்.

பழைய நாளில் இதற்கு வைத்தியசாலை கிடையாது. திருநங்கையர் தம் வழக்கில் இதனை 'நிர்வாணம்' என்பர். மூத்த திருநங்கை ஒருவர், 'தாயம்மா' எனப்பட்டவர், இரவு நேரத்தில் கத்தியால் உறுப்பை நீக்குவார். மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. பிழைத்தவர் நாற்பது நாள் பத்தியம் இருந்து, நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி நீராட்டி, சடங்கு செய்து வெளியே வருவார். பிழையாதவர் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. பயிற்சி பெற்ற வைத்தியர்கள் ஏன் முன்வரவில்லை? 1860 இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், கொடுங்காயங்களை வரிசைப்படுத்தும் 320 ஆம் பிரிவில் ஆண்மை நீக்கத்தையே முதலாவதாக வைத்தது. சம்மதம் தெரிவித்தவரின் நலத்துக்காகச் செய்யும் சிகிச்சைக்கு அதே சட்டத்தில் விலக்கு இருந்தும், அச்சம் நீங்கவில்லை.

நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யா, தம் வாழ்க்கையை 2007 இல் நூலாக எழுதினார். ஆந்திரத்தின் கடப்பைக்குச் சென்று தாம் செய்துகொண்ட சிகிச்சையை அதில் ஒளிக்காமல் விவரித்துள்ளார். முதுகலை படித்த ஒருவருக்கே அக்காலத்தில் இருந்த வழி அவ்வளவுதான். நூலகத்தில் கிடைத்தால் மாணவர்கள் அதனைப் படிக்க வேண்டும். எளிதான வாசிப்பு அன்று.

பின்னர் நிலைமை மாறிற்று. 2008 ஏப்ரல் 15 ஆம் நாள் தமிழக அரசு திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுவே முதல் வாரியம். 2009 முதல் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்ய வழி பிறந்தது. 2019 இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும் இச்சிகிச்சைக்கும், அதன் முன்னும் பின்னும் தரவேண்டிய ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தல் அரசுகளின் கடமை என்றது.

சிகிச்சை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒன்றன்று. விதைகளை மட்டும் நீக்குவது ஒரு வகை; சிறியது, ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். ஆண்குறியையும் நீக்கி, பெண்ணுறுப்பின் புறவடிவை மட்டும் அமைப்பது இரண்டாவது. யோனிக் குழாயையும் உள்ளே அமைப்பது மூன்றாவது, இதுவே பெரியது. 1956 இல் மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரில் ஜார்ஜ் புரூ என்னும் பிரெஞ்சு வைத்தியர் இதற்கொரு நல்ல முறை கண்டார். நீக்கும் உறுப்பின் தோலை வீசி எறியாமல், உட்புறமாகத் திருப்பி, புதிய குழாய்க்கு உள்வரியாக அமைத்தார். இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது அம்முறையின் திருத்தங்களையே. தோல் போதாதபோது பெருங்குடலின் ஒரு துண்டை எடுத்து அமைப்பதும் உண்டு. புரூவுக்கு முன்னும் முயற்சிகள் நடந்தன. டென்மார்க்கு நாட்டு ஓவியர் லிலி எல்பே ஜெர்மனியில் பல சிகிச்சைகள் பெற்று, 1931 இல் அவற்றின் இறுதி முயற்சியால் உயிர் நீத்தார். அவருக்குக் கருப்பையையே பொருத்த முயன்றனர். அக்கால மருத்துவத்தின் எல்லைக்கு மீறிய ஆசை அது.

மூன்றில் எதனைத் தேர்வது? இங்கேதான் ஆர அமர எண்ண வேண்டும். நீக்கியது மீளாது. மகப்பேற்றுக்குரிய விந்து பின்னர் கிடைக்காது. வேண்டுமானால் முன்னதாகவே சேமித்து வைக்க வேண்டும். ஹார்மோன் தொடங்கும் முன்னரே சேமிப்பது மேல். விதைகளை நீக்கியபின் உடல் தானாகப் போதிய ஹார்மோனைச் சுரப்பதில்லை. ஆதலின் மருந்தாகத் தொடர்ந்து கொள்ளாவிடில் எலும்பு வலுவிழக்கும். திருநர் நலத்தில் ஈடுபட்ட வல்லுநரின் உலகச் சங்கம் ஒன்று நெறிமுறைகளை வகுத்து வருகிறது. 2022 இல் வெளிவந்த அதன் எட்டாம் பதிப்பு, உறுப்புச் சிகிச்சைக்கு முன் குறைந்தது ஆறு திங்கள் ஹார்மோன் மருந்து உட்கொண்டிருத்தல் நன்று என்கிறது, அம்மருந்து ஆகாதவர் நீங்கலாக. மனநலம் அறிந்தவரின் மதிப்பீடும் வேண்டும். இது தடை போடுவதற்காக அன்று, எதிர்பார்ப்பைச் சரிபார்ப்பதற்காக. இவ்வாறு தெளிந்து செய்துகொண்டவர்களில் பின்னர் வருந்துவோர் மிகச் சிலரே என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கும்பகோணம் வெற்றிலைக்குப் பெயர் போன நாட்டில் நான் இதனையும் சொல்ல வேண்டும். வெற்றிலையோடு சேரும் புகையிலையையும், பீடி சிகரெட்டையும் பல வாரங்களுக்கு முன்பே விட்டொழிக்க வேண்டும். அவற்றிலுள்ள நிகோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இடம் மாற்றிய தோல் பிழைப்பது அச்சிறு குழாய்களின் இரத்தத்தால்தான். நட்ட நாற்று பச்சை பிடிக்கும்வரை வயலில் நீர் குறையாமல் பார்ப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

என் பழைய மாணவி ஒருத்தி, திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூரில் தையற்கடை நடத்துபவள், மூன்றாண்டுகளுக்கு முன் இம்மூன்றாம் வகைச் சிகிச்சையைச் செய்துகொண்டாள். அதற்கு முன் அவளுடைய தாயார் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "வாத்தியாரையா, போனது திரும்ப வராதாமே?" என்று கேட்டார்.

"வராதம்மா."

"அது நல்லா யோசிச்சிடுச்சா?"

"ஏழு வருஷமா யோசிக்குதும்மா."

அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப ஆஸ்பத்திரியில யார் கூட இருக்கறது?" என்றார். அவரே இருந்தார்.

அந்தக் கேள்வி சிறிதன்று. வைத்தியரின் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. தேறுதலோ ஓராண்டுப் பணி. முதல் ஐந்தாறு நாள் படுக்கை. உள்ளே துணிப்பொதி, சிறுநீருக்கு இரப்பர்க் குழாய். இரண்டையும் ஒரு வாரமளவில் எடுப்பர். இரத்தப்போக்கு, சீழ், தையல் பிரிதல் ஆகியவை நேரக்கூடும். அரிதாகக் குடலுக்கும் புதிய குழாய்க்கும் இடையே துளை விழும். காய்ச்சலோ துர்நாற்றமோ மிகுந்த குருதியோ கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வீக்கம் வடிய மூன்று நான்கு திங்கள் ஆகும். ஆறு வாரம் கனமான பொருளைத் தூக்கலாகாது. வயலில் குனிந்து நடவு நடுவது, சைக்கிள் மிதிப்பது ஆகியவற்றுக்கு மூன்று திங்களாவது பொறுக்க வேண்டும். காவேரி எவ்வளவு புனிதமானாலும், புண் ஆறும்வரை ஆற்றிலும் வாய்க்காலிலும் குளிக்கலாகாது.

எல்லாவற்றினும் கடினமானது மற்றொன்று. புதிய குழாய் தானாக விரிந்து நிற்காது; ஆறும் சதை சுருங்கும் இயல்புடையது. ஆகவே வைத்தியர் தரும் வழவழப்பான கோல்களை முதல் திங்களில் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உள்ளே வைத்திருந்து எடுக்க வேண்டும். பிறகு படிப்படியாகக் குறைத்து, வாரத்துக்கு ஓரிரு முறை என்று நெடுங்காலம் தொடர வேண்டும். மேட்டூரில் நீர் திறக்குமுன் வாய்க்காலைத் தூர் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வாராது. அது நம்மூர்ச் சிறுவனுக்கும் தெரியும். இங்கும் விட்டுவிட்டால் தூர்ந்துவிடும். மறுபடியும் கத்தி வைத்தாலன்றித் திறவாது. இவ்வேலையை விரும்பாதவர், புறவடிவை மட்டும் அமைக்கும் இரண்டாம் வகையையே தேர்கின்றனர். அது குறைபாடு அன்று. தன் வாழ்க்கை முறைக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளுதல்.

இதற்குத் தாழிட்ட ஓர் அறை வேண்டும். சுத்தமான நீரும் குளியலறையும் வேண்டும். திருநங்கையர்க்கு வாடகைக்கு வீடு தர மறுக்கும் ஊரில் இவை எங்கிருந்து வரும்? சிகிச்சை இலவசமாகலாம்; நாற்பது நாள் இருக்க இடம் இலவசமாவதில்லை. என் மாணவியும் இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்தபின், தாயாரின் கூரைவீட்டுத் தாழ்வாரத்தைத் தட்டியால் மறைத்து அறையாக்கிக்கொண்டாள். கோல் வைக்கும் வேளைகளை மறந்துவிடுவதாகச் சொன்னாள். நான் முப்பதாண்டு பள்ளிக் கால அட்டவணை போட்டவன் அல்லவா! கோடு போட்டு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயார், ஒவ்வொரு கட்டத்திலும் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைத்து வந்தார்.

நாலாம் திங்களில் அவள் தையல் எந்திரத்தில் மீண்டும் உட்கார்ந்தாள். முதலில் நாளுக்கு இரண்டு மணி, பின்னர் அரைநாள். ஆண்டுக்கொரு முறை சென்னைக்குப் போய்க் காட்டி வருகிறாள். இச்சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பியை நீக்குவதில்லையாதலால், வயது ஏறும்போது அதற்குரிய சோதனையையும் விடலாகாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். அதனையும் அந்தத் தாளின் அடியில் எழுதி வைத்திருக்கிறாள்.