தேயிலைத் தோட்டத்து ஈறுகள்

ஈறு நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் போய் நிற்போம். திருச்சிக்காரர்களுக்கு அது அந்நிய இடம் இல்லை. தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப 1904-ல் ஏற்பட்ட இலங்கைத் தொழிலாளர் கமிஷனுக்குத் தலைமையகம் நம்ம ஊரில்தான் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து போன குடும்பங்களின் வாரிசுகள் மலையகத்தில் நிறைய பேர்.

1970-ல் நார்வேக்காரரான ஹரால்ட் லோவின் குழு அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. 1985 வரை திரும்பத் திரும்பப் போய் அளந்தது. அவர்களுக்கு பிரஷ் பழக்கம் இல்லை, பல் வைத்தியமும் கிடைத்ததில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும். எல்லோருக்கும் ஈறு வீக்கம். சொத்தைப் பல் மட்டும் கிட்டத்தட்ட இல்லை!

ஆனால் முடிவு மூன்று விதம். சுமார் 8% பேருக்கு ஈறு பல்லை விட்டு வேகமாக விலகியது. 81% பேருக்கு நிதானமாக. 11% பேருக்கு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. 45 வயதில் முதல் குழுவுக்கு விலகல் சராசரி 13 மி.மீ., இரண்டாவதுக்கு 7 மி.மீ. பல் வேரின் நீளமே ஏறக்குறைய 13 மி.மீ.தான். அதாவது சொத்தையே இல்லாத நல்ல பல், பிடிமானம் போய் விழுகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? அழுக்கில் இருக்கும் கிருமிகளோடு உடம்பு சண்டை போடும்போது, பல்லைத் தாங்கும் எலும்பும் சேர்ந்து கரைகிறது. அந்தச் சண்டையின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், சிகரெட் பிடித்தாலும் சேதம் கூடும். சிகரெட் ரத்தக் கசிவைக் குறைத்துவிடும் என்பதால், 'எனக்கு ரத்தமே வரலையே' என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

ஆரம்பக் கட்டம் முழுசாகத் திரும்பக்கூடியது. 1965-ல் இதே லோ டென்மார்க்கில் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளில் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆகி, சரியானது. எலும்பு கரைந்துவிட்டால் தானாக வளராது. மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான்.

'க்ளீன் பண்ணினா பல் ஆடும்' என்று ஸ்ரீரங்கத்திலும் சொல்வார்கள். ஆட்டம் ஏற்கெனவே இருந்தது. காரை அதை முட்டுக்கொடுத்து மறைத்தது. ஸ்கேலிங் செய்ததும் தெரியவந்தது, அவ்வளவே. ஈறுக்குக் கீழே இறங்கிய காரையை பிரஷ்ஷால் எடுக்க முடியாது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் மெதுவாகச் சுத்தம் செய்ய வேண்டும். பல்லும் ஈறும் சேரும் ஓரம், பல் இடுக்கு, இரண்டும் முக்கியம். பத்து நாளில் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. நாம் அந்த 8-ல் இருக்கிறோமா 11-ல் இருக்கிறோமா என்பது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது.