அல்-மாஊன்: தீனில் தொடங்கி வாளியில் முடியும் சூறா

குர்ஆன் மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே மனனமிடும் சூறாக்களில் அல்-மாஊனும் ஒன்று. 107ஆம் அத்தியாயம், ஏழே வசனங்கள். நாவில் சரளமாக வருவதாலேயே அதன் அமைப்பைப் பலர் கவனிப்பதில்லை.

முதலில் ஓசையைப் பாருங்கள். முதல் நான்கு வசனங்களும் தீன், யதீம், மிஸ்கீன், முஸல்லீன் என ‘ஈ’ ஓசையில் முடிகின்றன. கடைசி மூன்றும் ஸாஹூன், யுராஊன், மாஊன் என ‘ஊ’வுக்கு மாறுகின்றன. பொருளின் திருப்பமோ நான்காம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. அதுவரை பேச்சு ஒருவனைப் பற்றியது: தீனைப் பொய்யாக்குகிறான், அநாதையைத் தள்ளிவிடுகிறான், ஏழையின் உணவுக்காகப் பிறரைத் தூண்டுவதில்லை. யாரோ மக்கத்துத் தலைவன் என்று நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உடனே ‘ஆகவே’ எனும் பொருள்தரும் ‘ஃப’ வருகிறது, ஒருமை பன்மையாகிறது, கேடு தொழுகையாளிகளுக்கென அறிவிக்கப்படுகிறது. நம் கையிலுள்ள பல முஸ்ஹஃப்களில் அவ்விடத்தில் ‘லா’ குறி இருக்கும். அங்கே நிறுத்தினால் பொருள் அரைகுறையாகிவிடும். எந்தத் தொழுகையாளிகள் என்பதை அடுத்த வசனமே சொல்கிறது. அதிலும் ‘ஃபீ’ என்றில்லாமல் ‘அன்’ என்றே வருகிறது. தொழும்போது மனம் சற்று அலைவது இங்கே பேச்சில்லை. தொழுகையையே பொருட்படுத்தாமைதான் பேச்சு.

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் இந்தச் சூறாவின் சொற்களுக்குக் கனம் அதிகம். 1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரிலும் படுகொலை நடந்தது. ‘யத்தீம்’ என்றால் முகங்கள் நினைவுக்கு வரும் ஊர்கள் இவை.

இன்று யத்தீம் பிள்ளையின் கையில் அரிசிப் பையைக் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தச் சூறாவின் ஒரு நுட்பம் நினைவுக்கு வருகிறது. சூறாவைத் தொடக்கும் ‘அரஅய்த்த’ என்பதற்கு ‘நீர் பார்த்தீரா’ என்று பொருள். ஆறாம் வசனத்தின் ‘யுராஊன்’ என்பதற்குப் ‘பிறர் பார்க்கச் செய்கிறார்கள்’ என்று பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பார்க்கப்பட ஆசைப்படுகிறவனைத்தான் அல்லாஹ் நம்மைப் பார்க்கச் சொல்கிறான். மூன்றாம் வசனத்தின் சொற்சேர்க்கையும் அப்படியே: ‘மிஸ்கீனின் உணவு’. உணவு ஏற்கெனவே ஏழையுடையது என்றாகிறது. கொடுப்பவனின் பெயருக்கு அங்கே இடமில்லை.

கடைசிச் சொல் ‘மாஊன்’. அது ஸகாத்தைக் குறிக்கும் என்றோரும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரழி) போன்றோர் கோடாரி, பானை, வாளி போன்ற இரவல் பொருட்கள் என்றார்கள். “ராத்தா, உங்கட வாளிய ஒருக்காத் தாங்க, தண்ணி அள்ளிப்போட்டுத் தாறன்” என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்கும் குரல்தான் அது. தீன் என்ற மாபெரும் சொல்லில் தொடங்கிய சூறா இந்த வாளியில் வந்து நிற்கிறது. இரவல் வாளி கொடுப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. முகஸ்துதிக்காரன் கைவிடுவதும் அதைத்தான்.